செகிஞ்சான் சாலையில் ஒரு சின்ன கிளினிக்

வாசகர்களே, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரே நாளில் போய்த் திரும்ப நல்லதோர் ஊர் வேண்டுமா? செகிஞ்சானுக்குப் போய் வாருங்கள். கோலாலம்பூரிலிருந்து வடமேற்கே, கடலை ஒட்டி, ஏறக்குறைய 100 கிலோமீட்டர்.

வழியில் கோலசிலாங்கூரில் சற்று நில்லுங்கள். புக்கிட் மெலாவத்தி குன்றின்மேல் 1907-இல் எழுப்பிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. கையில் இருப்பதைப் பிடுங்கித் தின்னும் குரங்குக் கூட்டமும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய வேடிக்கை. இருட்டும்வரை தங்க முடிந்தால் கம்போங் குவாந்தானில் படகேறலாம். ஆற்றோர மரங்களில் மின்மினிகள் தீபாவளி விளக்குப் போல் மின்னுவதைக் காணலாம்.

சிலாங்கூர் ஆற்றைத் தாண்டி வடக்கே திரும்பினால் பாசிர் பெனம்பாங், பிறகு தஞ்சோங் காராங். அங்கிருந்து சாலையின் தோற்றமே மாறிவிடும். செம்பனை மறைந்து, வலப்பக்கம் வாய்க்கால்களும் நெல் வயல்களும் விரியும். 1930-களில் சதுப்புக் காட்டை வெட்டித் திருத்தத் தொடங்கிய நிலம் இது. பெர்னாம் ஆற்றுத் தண்ணீரைக் கால்வாய் வெட்டி தெங்கி ஆற்றுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கடலோர வயல்களுக்கெல்லாம் பாய்ச்சுகிறார்கள். ஆண்டுக்கு 2 போகம். நாற்று நட்ட கொஞ்ச நாளில் போனால் பச்சை. அறுப்புக்கு முன்னே போனால் பொன். பாகானில் அன்றன்று பிடித்த மீன் கிடைக்கும். ரெடாங் கடற்கரையில் ஒரு மரம் முழுக்கச் சிவப்புத் துணி தொங்கும். வேண்டுதலை எழுதி வீசிவிட்டுப் போகிறார்கள்.

இதையெல்லாம் பார்க்க ஆயிரம் பேர் வருகிறார்கள், படம் பிடிக்கிறார்கள். அதே சாலையில் இன்னொரு கட்டடமும் இருக்கிறது. அதை யாரும் படம் பிடிப்பதில்லை. அதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வேண்டும்.

அதுதான் அரசாங்கக் கிளினிக். தஞ்சோங் காராங்கில் ஒன்று, செகிஞ்சானில் ஒன்று, சுங்கை பெசாரில் ஒன்று. இவை ‘கிளினிக் கெசிஹாத்தான்’. கம்பத்துப் பாதைகளில் உள்ளே போனால் இவற்றினும் சிறிய ‘கிளினிக் டேசா’ என்னும் பலகைகளைப் பார்க்கலாம். இந்த நெடுகலுக்கும் படுக்கையுள்ள அரசாங்க மருத்துவமனை தெற்கே தஞ்சோங் காராங்கிலும், வடக்கே சபாக் பெர்னாமிலும் இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் கிள்ளானுக்கோ சுங்கை பூலோவுக்கோ போக வேண்டியதுதான். ஆகவே நடுராத்திரியில் பிள்ளைக்கு வலிப்பு வந்தாலும், விடியற்காலையில் தாய்க்கு நோவெடுத்தாலும், தூரம் என்பது இங்கே வாழ்வா சாவா என்னும் கேள்வியாகிவிடும்.

டிரெஸ்ஸர் காலம்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குக் கிளினிக் என்றதும் முதலில் நினைவுக்கு வருகிறவர் டிரெஸ்ஸர்தான்.

அவருக்கு முன்னால் இருந்த காலத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ரப்பர் நடக் காட்டை வெட்டிய அந்நாளில் மலேரியாக் காய்ச்சல் நம் முன்னோரைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோயிற்று. 1901-இல் கிள்ளானில் அரசாங்க மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் என்பவர், சதுப்பை வடித்து, கால்வாய் வெட்டி, கொசுவின் பிறப்பிடத்தையே ஒழிக்கும் வேலையைத் தொடங்கினார். பிறகு அது தோட்டங்களுக்கும் பரவியது. அந்தக் கால்வாய்களில் மண்வெட்டி பிடித்தவர்கள் யார்? நம் தாத்தாக்கள்தாம்.

பின்னர்த் தோட்ட ஆஸ்பத்திரிகள் வந்தன. டாக்டர் என்றாவது ஒரு நாள் வந்து போவார். மற்ற நாளெல்லாம் டிரெஸ்ஸர்தான் பொறுப்பு. பெரட்டு முடிந்ததும் சீக்கு பார்ப்பார். லயத்தைச் சுற்றி வந்து சாக்கடையைப் பார்ப்பார். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளின் கண்ணையும் நகத்தையும் பார்ப்பார். இந்த உத்தியோகத்துக்குத் தகுதி உள்ளவர்தாம் இருக்க வேண்டும் என்பதற்காக, தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டமே 1965-இல் வந்தது.

டிரெஸ்ஸருக்கு ஒரு வசதி இருந்தது. நம்மோடு ஒரே தோட்டத்தில் வாழ்ந்தார். யார் வீட்டில் யார் குடிக்கிறார், எந்தப் பெண் மூன்று மாதமாகச் சோர்ந்து போயிருக்கிறாள் என்பதெல்லாம் சொல்லாமலே அவருக்குத் தெரியும். பெரும்பாலும் தமிழும் தெரியும். நாம் வாய் திறக்க வேண்டிய தேவையே இல்லாதிருந்தது.

இன்று நிலைமை அப்படி இல்லை. தோட்டங்கள் பல கைமாறின, துண்டாடப்பட்டன, வீடமைப்புத் திட்டங்களாயின. புக்கிட் ரோத்தான், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தாய் என்று முன்பு அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா ஆகிய வட்டாரங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கும் பட்டணத்து ஓரங்களுக்கும் குடிபோய்விட்டன. பல தோட்ட ஆஸ்பத்திரிகள் மூடப்பட்டன. தொழிலாளியின் மருத்துவத்துக்கு வழி செய்வது முதலாளியின் பொறுப்பு என்று 1990-ஆம் ஆண்டின் வீட்டு வசதிச் சட்டம் இன்றும் சொல்கிறது. ஆனாலும் நம்மில் பலர் இப்போது போவது அரசாங்கக் கிளினிக்குக்குத்தான். அங்கே பொறுப்பில் இருப்பவருக்கு நம்மை முன்பின் தெரியாது. அதனால்தான் பேசத் தெரிந்துகொள்வது இன்று அவசியமாகிவிட்டது.

இரு பக்கத்துக்கும் நடுவிலே

கிளினிக்கில் பொறுப்பாக இருப்பவர் யார் என்று கேட்டால் நாம் ‘டாக்டர்’ என்போம். பெரிய கிளினிக்கில் டாக்டர் உண்டு. சின்ன இடங்களில் அன்றாடப் பொறுப்பு பெரும்பாலும் மருத்துவ உதவி அதிகாரியுடையது. கிளினிக் டேசாவில் சமூகத் தாதியுடையது. நாம் ‘மிசி’ என்று கூப்பிடுகிறோமே, அவர்தான் அந்த இடத்துக்கு எல்லாமும்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததன்று. 1950-களின் நடுவில் கிராமப்புறச் சுகாதாரத் திட்டம் தொடங்கியபோது 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி நிலையம் என்று கணக்கிட்டார்கள். 1970-களின் தொடக்கத்தில் அதை மாற்றி, 4,000 பேருக்கு ஒரு கிளினிக் டேசா, 15,000 முதல் 20,000 பேருக்கு ஒரு சுகாதார நிலையம் என்று அமைத்தார்கள். பலன் என்ன? 1957-இல் தீபகற்பத்தில் பிறந்த 1,000 குழந்தைகளில் சுமார் 75 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. இன்று அந்த எண்ணிக்கை பத்துக்கும் கீழே. மலேசியாவிலும் இலங்கையிலும் தாய்மார் மரணம் எப்படிக் குறைந்தது என்று ஆராய்ந்து உலக வங்கி 2003-இல் ஒரு நூலே வெளியிட்டது. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளை ஏழை வீட்டு வாசல்வரை கொண்டுபோனதை அது முக்கியமான காரணமாகச் சொன்னது.

அந்த மிசியின் மேசையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். காலையில் கர்ப்பிணிகள், தடுப்பூசிக் குழந்தைகள். பிறகு வீடுவீடாகப் போய்ப் பிள்ளை பெற்ற தாய்மாரைப் பார்க்க வேண்டும். மருந்து தீர்ந்தால் கேட்டு எழுத வேண்டும், குளிர்பெட்டியில் தடுப்பூசி கெடாமல் பார்க்க வேண்டும், மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். ஆபத்து என்றால் மேலே தொலைபேசியில் பேச வேண்டும்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. அவர் மேலே என்ன சொல்ல முடியும்? நாம் அவரிடம் சொன்னதைத்தான். நோயாளியை மருத்துவமனை டாக்டர் கண்ணால் பார்க்கும்முன் மிசியின் சொல்லைத்தான் கேட்கிறார். மிசி நம் சொல்லைக் கேட்கிறார். நாம் அரைகுறையாகச் சொன்னால் அரைகுறையாகவே மேலே போகும்.

‘மயக்கம்’ என்றால் என்ன?

செகிஞ்சான் பக்கம் சீனரும் மலாய்க்காரரும் அதிகம், நம்மவர் குறைவு. கிளினிக்கில் தமிழ் பேசுகிறவர் இருந்தால் நம் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் மலாயில் சொல்ல வேண்டும். அங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது.

பாட்டிக்கு ‘மயக்கம்’ என்கிறோம். தமிழில் தலை சுற்றினாலும் மயக்கம், நினைவிழந்து விழுந்தாலும் மயக்கம். மலாயில் அப்படி இல்லை. தலை சுற்றினால் ‘பெனிங்’, நினைவு தப்பினால் ‘பெங்சான்’. கீழே விழுந்து இரண்டு நிமிடம் கண் திறக்காமல் கிடந்த பாட்டியை ‘பெனிங்’ என்று பேரன் மொழிபெயர்த்துவிட்டால், பாட்டி வரிசையில் உட்கார வைக்கப்படுவார். ‘பெங்சான்’ என்று சொல்லியிருந்தால் உடனே உள்ளே அழைத்திருப்பார்கள். ஒரே ஒரு சொல்!

‘வாய்வு’ இன்னொரு சொல். நெஞ்சிலே அழுத்தினால், இடக்கை கடுத்தால், வியர்த்துக் கொட்டினால், நாம் வாய்வு என்று சொல்லி இஞ்சியும் பூண்டும் தேடுகிறோம். நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு பெரிய வலி இல்லாமலும் வரக்கூடும். 2019-இல் அரசாங்கம் நடத்திய சுகாதார ஆய்வில், இந்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையே அது நூற்றுக்கு 31. ஆகவே கிளினிக்கில் ‘வாய்வு’ என்று சொல்லாதீர்கள். எங்கே வலி, எப்போது தொடங்கியது, வியர்த்ததா, மூச்சு வாங்கியதா என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பெயர் வைப்பது அவர்கள் வேலை. நடந்ததைச் சொல்வது நம் வேலை.

‘சூடு’ என்பதும் அப்படியே. ‘உடம்பு சூடு’ என்று நாம் சொல்வது காய்ச்சலாகவும் இருக்கலாம், கொப்புளமாகவும் இருக்கலாம், நீர்க்கடுப்பாகவும் இருக்கலாம். காய்ச்சல் என்றால் ‘டெமாம்’ என்று சொல்லி, எத்தனையாவது நாள் என்றும் சொல்லுங்கள். டெங்கியில் நாள் கணக்குத்தான் முக்கியம். காய்ச்சல் இறங்கியதும் பிள்ளை தேறிவிட்டது என்று நாம் மகிழ்வோம். சிலருக்கு ஆபத்து தொடங்குவதே அப்போதுதான்.

எங்கே வேலை செய்தீர்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது உங்கள் வேலை.

வயலிலும் செம்பனைக் காட்டிலும் எலி உண்டு. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் உள்ள புண் வழியே ஏறினால் எலிக் காய்ச்சல் வரும். தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி போலத்தான் இருக்கும். ‘போன வாரம் வாய்க்காலில் இறங்கினேன்’ என்ற ஒரு வாக்கியம் கிளினிக்காரரின் யோசனையை மாற்றிவிடும். அதைச் சொல்லாமல் வெறுமனே காய்ச்சல் மாத்திரை கேட்டு வாங்கி வந்தால், நல்ல மருந்து தொடங்கும் நாள் தள்ளிப்போகும்.

மருந்து அடிக்கும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். தோட்டத்தில் களைக்கொல்லி அடித்த பெண்கள் பட்ட பாட்டை தெனாகானித்தா அமைப்பு 2002-இல் ஆய்வு செய்து வெளியிட்டது. பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டது. ஆனாலும் பழைய கொட்டகையில் பழைய போத்தல் கிடக்காது என்று யார் சொல்ல முடியும்? புதிய மருந்துகளும் தண்ணீர் அல்ல.

மருந்து மேலே கொட்டினாலோ வயிற்றில் போனாலோ கிளினிக்குக்கு ஓடும்போது, போத்தலில் ஒட்டியிருக்கும் தாளையும் கொண்டுபோங்கள். இல்லையேல் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், தேசிய நச்சு மையம் இருக்கிறது. கிளினிக்குப் பொறுப்பாளர் அங்கே தொலைபேசியில் ஆலோசனை கேட்கலாம். ‘என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு’ என்பதுதான் அங்கே முதல் கேள்வியாக இருக்கும். ‘ஏதோ புல் மருந்து’ என்று சொன்னால் அங்கிருப்பவரும் என்ன செய்வார்? நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பட்ட துணியைக் கழற்றிவிட்டு, உடம்பை நிறைய தண்ணீரில் கழுவுங்கள்.

வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் போகுமே என்ற பயம்தான் பலரைத் தாமதிக்க வைக்கிறது. அது நியாயமான பயம். ஆனால் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சீக்கு சீட்டுக் கொடுத்தால் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2 ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டில் 14 நாள். 2 முதல் 5 ஆண்டுவரை 18 நாள். அதற்கு மேல் 22 நாள். இது யாரும் போடும் பிச்சை இல்லை. உங்கள் உரிமை.

வண்ணம் ஒட்டிய புத்தகம்

தாய்மார்களே, கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் இளஞ்சிவப்புப் புத்தகத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் ஒரு வண்ணம் ஒட்டியிருக்கும். இந்த முறை 1989-இல் வந்தது. வெள்ளை என்றால் மிசியே கவனிக்கலாம். பச்சை என்றால் கிளினிக் டாக்டர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் சீக்கிரமே மருத்துவமனை நிபுணரிடம் போக வேண்டும். சிவப்பு என்றால் அப்போதே மருத்துவமனை.

இதுவும் ஒருவகைப் பேச்சுத்தான். இருட்டு நேரத்தில், மொழி தெரியாத ஊரில், அந்தப் பெண்ணால் பேச முடியாத நிலையில்கூட அந்த வண்ணம் அவளுக்காகப் பேசும். அதை மாமியார் மகன் திருமணத்துப் பட்டுப்புடவையோடு பீரோவில் பூட்டி வைத்தால் என்ன பயன்? எங்கே போனாலும் பையில் இருக்கட்டும். பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டுக்குப் போவதானால் அதைக் கிளினிக்கில் சொல்லிவிட்டுப் போங்கள். உங்களைத் தேடி மிசி பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார். உங்களுக்கோ புதிய ஊரில் யாரையும் தெரியாது.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய காரியம் எதுவும் வேண்டாம். சின்னச் சின்னதாகச் சில.

கைப்பேசி எண் மாறினால் கிளினிக்கில் மாற்றி எழுதச் சொல்லுங்கள். குழந்தையின் தடுப்பூசி தவறினாலும், இரத்தப் பரிசோதனையில் ஏதேனும் தெரிந்தாலும் அந்த எண்ணுக்குத்தான் அழைப்பார்கள்.

சாப்பிடும் மருந்தையெல்லாம், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். தனியார் கிளினிக்கில் வாங்கியதை மறைக்க வேண்டாம். மாத்திரையை நிறுத்திவிட்டீர்களானால் அதையும் சொல்லுங்கள். சாப்பிட்டதாகச் சொன்னால், மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்கள்.

வயதானவர்களோடு மலாய் தெரிந்த பெரியவர் ஒருவர் துணைக்குப் போகட்டும். பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க அனுப்பாதீர்கள். பெண்களுக்குரிய நோயைப் பேரன் முன்னால் எந்தப் பாட்டி சொல்வார்?

ஒவ்வொரு குடியிருப்பிலும் கார் வைத்திருக்கும் இரண்டு பேர் முன்வந்து, இரவில் யாரைக் கூப்பிடலாம் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். நிலைமை மோசமென்றால் 999. அப்போது வீட்டு எண்ணோடு கோயில், பள்ளி, பாலம் என்று ஓர் அடையாளமும் சொல்லுங்கள். தோட்டத்துப் பாதை ஆம்புலன்ஸ்காரருக்குத் தெரியாது. சாலை முனையில் ஒருவர் விளக்கோடு நிற்கட்டும்.

கிளினிக்குகளில் ஊர் மக்களைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. ‘பேனல் பெனாசிஹாட்’ என்பார்கள். அதில் நம்மவர் ஒருவராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் கோயில் தலைவரோ பள்ளிப் பெற்றோர் சங்கத்தினரோ பொறுப்பாளரைப் பார்த்துக் கேட்கலாம். பஸ் நேரமும் கிளினிக் நேரமும் ஒத்துப்போகவில்லை, தமிழில் அறிவிப்பு இல்லை என்பன போன்ற குறைகளை அங்கே சொன்னால் அது மேலே போகும்.

குறை இருந்தால் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மிசியைப் படம் பிடித்து ஊரெல்லாம் பரப்புவதால் அடுத்த வாரம் மருந்து வந்துவிடாது. தேதி, நேரம், நடந்தது இவற்றை எழுதி முதலில் பொறுப்பாளரிடம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு எழுதுங்கள். பல சமயம் அந்தப் பொறுப்பாளரே ஆள் போதவில்லை என்று மேலே கேட்டுக்கொண்டிருப்பார். நம் கடிதம் அவர் கைக்குப் பலமாகும். நல்லது நடந்தாலும் ஒரு கடிதம் எழுதுங்கள்.

செகிஞ்சானைத் தாண்டி அதே சாலையில் போனால் சுங்கை பெசார், பிறகு சபாக். அப்பால் பெர்னாம் ஆறு. ஆற்றைத் தாண்டினால் பேராக் மாநிலம். செகிஞ்சான் வயல்களுக்குத் தண்ணீர் தருவது அந்த ஆறுதான். அத்தனை தூரத்துத் தண்ணீர் கடைசி வயல்வரை வர வேண்டுமென்றால் நடுவிலுள்ள ஒவ்வொரு மதகும் சரியாகத் திறக்க வேண்டும். ஒரு மதகில் குப்பை அடைத்தாலும் கீழ்வயல் காயும். பெரிய மருத்துவமனைக்கும் நம் வீட்டுக்கும் நடுவிலுள்ள மதகு அந்தச் சின்ன கிளினிக்.

அடுத்த முறை வயல் பார்க்கப் போகும்போது அந்தக் கட்டடத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். உங்கள் ஊர்க் கிளினிக்குக்குப் போகும்போது பொறுப்பாளரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பெயரையும் சொல்லுங்கள். டிரெஸ்ஸர் காலத்தில் தானாக இருந்த அறிமுகத்தை இன்று நாமாகத்தான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.